சேர்வதற்கு முன் அங்கீகாரத்தைக் கேளுங்கள்

இந்தச் சேர்க்கைக் காலத்திலும் அதே கதைதான். லேமினேட் செய்த சான்றிதழுடன் ஓர் இளைஞர் தம் தாயாரோடு வந்தார். மேலே வேதவசனம், நடுவே பொன்னிற முத்திரை, கீழே ஓர் அறக்கட்டளைத் தலைவரின் கையொப்பம். ஆறு மாத எலெக்ட்ரீஷியன் பயிற்சி முடித்ததாக அதில் அச்சாகியிருந்தது. அரசு அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் என்று ரயில்வே அப்ரண்டிஸ் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது, ஏதாவது செய்ய முடியுமா என்று தாயார் கேட்டார். மெக்கரால் எதைச் சோதிப்போம் என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். மின்கம்பியின் காப்பை அளக்கும் அந்தக் கருவியைப் படத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

நானும் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று நடத்தும் ஐடிஐயில் கற்பிப்பவன்தான். ஆகவே, இதை மதத்தின் மீதான குறையாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை ஜெபத்துக்கு நேரத்தில் வந்து பழகியவர் பட்டறைக்கும் நேரத்தில் வருவதையும், கருவிகளைத் துடைத்து எண்ணி வைப்பதையும் அன்றாடம் பார்க்கிறேன். ஆனால் ஒழுக்கம் கற்பித்த இடத்தில் தொழிலும் தானாக வந்துவிடும் என்று நம்புவது வேறு.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, "கடவுள் பெயரால் நடத்துகிறார்கள், அவர்களிடம் போய் அங்கீகாரம் உண்டா என்று எப்படிக் கேட்பது?" என்ற தயக்கம். இதே பெற்றோர் இரண்டு கிராம் தோடு வாங்கும்போது ஹால்மார்க் முத்திரையைப் பார்க்கத் தவறுவதில்லை; பிள்ளையின் இரண்டு ஆண்டுகளை ஒப்படைக்கும்போது மட்டும் கேள்வி கேட்பதே பாவமாகிவிடுகிறது. ஆதரவற்ற சிறுவர்களுக்குத் தொழில் கற்பித்த இத்தாலியப் பாதிரியார் தொன் போஸ்கோ 1852-இல் தூரின் நகரில் செய்ததைக் கேளுங்கள். தம் பையன் ஒருவனைத் தச்சரிடம் சேர்த்தபோது, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதித் தாமே அதில் கையெழுத்திட்டார். தொழிலைத் தவிர வேறு வேலை வாங்கக் கூடாது, அடிக்கக் கூடாது, ஓய்வுநாள் தர வேண்டும், கூலி படிப்படியாக உயர வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருந்தன. பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்டவரே தச்சரின் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடவில்லை. அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து பணியைத் தொடங்கினார்கள்.

ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவு பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள்; வெல்டர், தையல் தொழில்நுட்பம் போன்றவை ஓராண்டு. என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமம்) அல்லது எஸ்சிவிடி (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழுமம்) சான்றிதழ் கேட்கும் வேலைக்கு, மூன்று மாத, ஆறு மாதப் படிப்பின் சான்றிதழை எவ்வளவு அழகாகக் கண்ணாடி போட்டு மாட்டினாலும் செல்லாது. குறுகிய காலப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலா கோயிலைச் சார்ந்த கல்வி அறக்கட்டளை இரண்டு வங்கிகளுடன் இணைந்து 1982-இல் தொடங்கிய ருட்செட்டி நிறுவனத்தில் சில வாரப் பயிற்சிதான் தருகிறார்கள். ஆனால் அது சுயதொழிலுக்கானது என்று வெளிப்படையாகச் சொல்லி, வங்கிக் கடனுக்கு வழிகாட்டி, பயிற்சி முடித்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். நாடெங்கும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிறுவனங்களுக்கு அதுவே முன்மாதிரி.

எனவே, பணம் கட்டும் முன் நிறுவனத்தின் ஐடிஐ குறியீட்டு எண்ணைக் கேட்டு, அரசு இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். சுற்றிக் காட்டுபவர் பிரார்த்தனைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டால், பட்டறையையும் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முன்பு படித்தவர் இருவரிடமாவது பேசுங்கள். கேள்விக்குக் கோபப்படும் நிறுவனத்திலிருந்து கும்பிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அறக்கட்டளை நடத்துவோரிடம் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று உண்டு. மிதித்துத் தைக்கும் இயந்திரத்தில் மட்டும் பழகிய பெண்ணைத் திருப்பூர் கம்பெனியில் மோட்டாரில் ஓடும் பவர் டேபிள் தையல் இயந்திரத்தின் முன் உட்காரவைத்தால் திணறிப்போவார். விழா மேடையில் இயந்திரம் வழங்கும் செலவில் ஒரு பகுதியையாவது பவர் டேபிளுக்கும், துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக்குக்கும் ஒதுக்குங்கள். சான்றிதழில் வசனத்துக்குக் கீழே, பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதையும், அரசு அங்கீகாரம் உண்டா இல்லையா என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.