முதல் ஷாட்கன் வாங்கும் முன் தோளையும் கன்னத்தையும் கேளுங்கள்

பறக்கவிடும் களிமண் வட்டுகளை ஷாட்கனால், அதாவது ஒரே சூட்டில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கியால், சுட்டு உடைக்கும் விளையாட்டுதான் ஸ்போர்ட்டிங் கிளேஸ். அதைப் பழக வருகிறவர்களில் பலர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டுதான் முதல் வகுப்புக்கே வருகிறார்கள். "லேசாக இருக்கிறது, கைக்கு அடக்கமாக இருக்கிறது" என்று யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்திருப்பார்கள். அரை மணி நேரத்தில் தோள் சிவந்துவிடும். வட்டுகள் பாட்டுக்கு உடையாமல் பறந்துகொண்டிருக்கும். "எனக்குக் குறி வராது போலிருக்கிறது" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். பயிற்சியாளனாக நான் மிகவும் வருத்தத்தோடு கேட்கும் வார்த்தை இதுதான். ஏனென்றால் பெரும்பாலும் குறை ஆளிடம் இருக்காது, அவர் கையில் இருக்கும் துப்பாக்கியில்தான் இருக்கும்.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு முழுச் சுற்று என்றால் வழக்கமாக 100 வட்டுகள். அப்படியானால் தோளில் 100 உதை. ஒரே தோட்டாவைப் போட்டாலும் கனமான துப்பாக்கி மெதுவாக உதைக்கும், லேசானது ஓங்கி உதைக்கும். வேட்டைக்காகச் செய்த 3 கிலோவுக்கும் குறைவான துப்பாக்கிகள் நாள் முழுக்கச் சுமந்து நடப்பதற்கானவை, அவற்றில் சுடுவது சில முறைதான். கிளேஸுக்கென்றே வரும் 12 போர் (போர் என்பது குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண், எண் கூடினால் குழல் சிறுக்கும்) துப்பாக்கிகள் ஏறக்குறைய மூன்றரை கிலோவுக்கு மேல் இருப்பது இதனால்தான். கடையில் தூக்கிப் பார்க்கும்போது கனமாகத் தெரிகிற அதே எடை, 60-வது வட்டில் உங்களைக் காப்பாற்றும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவதற்கு மாதக்கணக்காகிறது.

"சின்னப் பிள்ளைதானே, சின்ன போர் போதும்" என்று .410 என்ற மிகச் சிறிய குழல் கொண்ட துப்பாக்கியை வாங்கிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளேஸுக்கான 12 போர் தோட்டாவில் வழக்கமாக 28 கிராம் ஈயக்குண்டுகள் இருக்கும். .410-இல் அதில் பாதி, 14 கிராம்தான். குண்டுகளின் கூட்டம் அடர்த்தி குறைந்து போவதால் தேர்ந்தவர்களே அதில் திணறுவார்கள். உடல்வாகு சிறியவர்களுக்கு வாயுவால் இயங்கும் 20 போர் செமி ஆட்டோமேட்டிக் (சுட்ட தோட்டாவின் வாயுவைக் கொண்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) நல்லது. இல்லையென்றால் கனமான 12 போரில் 24 கிராம் தோட்டா போடலாம்.

இனி பொருத்தம். ரைஃபிளில் இருப்பது போல ஷாட்கனில் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது. அந்த வேலையைச் செய்வது உங்கள் கண். கண் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது பின்கட்டையில், அதாவது தோளில் ஊன்றும் பகுதியில், பதியும் கன்னம். ஆகவே கட்டை உங்கள் அளவுக்கு இல்லையென்றால், நீங்கள் சரியாகப் பார்த்தாலும் குண்டுகள் வேறெங்கோ போகும். சோதிப்பது எளிது. துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பான திசையைப் பார்த்து நின்று, கண்களை மூடி, இயல்பாகத் தோளில் ஏற்றுங்கள். அப்புறம் கண்ணைத் திறங்கள். குழலின் மேலுள்ள பட்டை நேராக, கொஞ்சமாகத் தெரிந்து, அதன் முனையில் குறிபார்க்க உதவும் சிறு மணி உட்கார்ந்திருந்தால் சரி. பட்டையே தெரியாமல் துப்பாக்கியின் பின்புற இரும்பு மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு, சுடுவது கீழே போகும். பட்டை மேடு போல நீளமாகத் தெரிந்தால் கட்டை உயரம், சுடுவது மேலே போகும். மணி பக்கவாட்டில் விலகியிருந்தால் கட்டையின் பக்கவாட்டு வளைவு உங்களுக்கு ஒத்துவரவில்லை.

விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை உள்ள நீளம் பெரும்பாலான துப்பாக்கிகளில் 14½ அங்குலத்தை ஒட்டியே வருகிறது. சராசரி உயரமுள்ள ஆண்களை மனதில் வைத்த அளவு அது. பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் நீளம். நான் மாணவர்களின் காயத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்கிறேன். தோள்குழியில் இல்லாமல் மேல்கையின் சதையில் கன்றியிருந்தால் கட்டை நீளமாக இருக்கலாம், அதனால் துப்பாக்கி வெளியே நழுவியிருக்கும். நடுவிரலின் மேல்பக்கம் வீங்கியிருந்தால் விசைக்காப்பு இடித்திருக்கிறது, கட்டை குட்டையா என்று பார்க்க வேண்டும். கன்ன எலும்பில் அடி என்றால் கன்னம் பதியும் இடத்தைத் திருத்த வேண்டும். அந்த இடத்தை ஏற்றி இறக்க வசதியுள்ள கட்டை கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதையே எடுங்கள்.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்றும் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்துப் பொருளை விரலால் சுட்டுங்கள். இடக்கண்ணை மூடும்போது விரல் அதே இடத்தில் நின்றால் வலக்கண் ஆதிக்கம், தாவினால் இடக்கண். தோளும் கண்ணும் எதிரெதிராக இருப்பவர்கள் பயிற்சியாளரிடம் பேசாமல் பணம் கட்டக் கூடாது.

வகை என்று பார்த்தால், மேலும் கீழுமாகக் குழல் அமைந்த இரட்டைக் குழல் துப்பாக்கியைத்தான் நான் முதலில் சொல்வேன். வட்டுகள் பெரும்பாலும் ஜோடியாக வரும், இரண்டாவது சூடு உடனே தயார். மடக்கித் திறந்து வைத்தால் அது காலி என்பது அருகில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். செமி ஆட்டோமேட்டிக்கில் உதை குறைவு, ஆனால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். குழல் 30 அங்குலம், கழற்றி மாட்டும் சோக் (குண்டுகள் பரவும் அளவை மாற்றக் குழல் முனையில் பொருத்தும் சிறு குழாய்), இவை போதும். சோக்கைப் பற்றி முதல் வருடத்தில் அதிகம் யோசிக்காதீர்கள்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் குழலில் பொறித்திருக்கும் அறையின் (தோட்டா உட்காரும் இடம்) நீளத்தைப் படியுங்கள். 70 மி.மீ. அறையில் 76 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும், ஆனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். காதுக்காப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் துப்பாக்கிக்கு முன்பே வாங்க வேண்டியவை. ஷாட்கன் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், கேட்கும் திறனைக் கெடுக்க ஒரே ஒரு சூடுகூடப் போதும்.

வீட்டில் 12 போரும் 20 போரும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலின் உள்ளே சிக்கிக்கொள்ளும். பின்னால் காலியாகத் தெரிவதால் இன்னொரு 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதைத் தடுக்கத்தான். சுடும்போது சத்தம் வழக்கத்துக்கு மாறாக மெலிந்து வந்தாலும், விசையை இழுத்தும் சுடாவிட்டாலும், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்துக் கொஞ்சம் பொறுத்துத் திறங்கள். தோட்டாவை எடுத்துவிட்டு இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்.