செம்பனைக் குலையை நிறைக்கும் கூன்வண்டு

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மகரந்தம் சேர்க்கும் வண்டுகளை 2025இல் தான்சானியாவிலிருந்து தருவித்தது இந்தோனேசியா. குலைகள் சரியாகக் கட்டவில்லை என்பதே காரணம். மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் தோட்ட வேலையை நம்பியோ, இரண்டு மூன்று ஏக்கர் சொந்தமாக வைத்தோ பிழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புது வண்டைத் தேடுமுன், நம் மரங்களில் இருக்கும் வண்டை எப்படி நடத்துகிறோம் என்று பார்த்தாக வேண்டும்.

செம்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் ஒரே மரத்தில் வந்தாலும், ஒரே சமயத்தில் வருவது அரிது. சில மாதம் ஆண், சில மாதம் பெண். அதனால் மகரந்தம் வேறு மரத்திலிருந்து வர வேண்டும். நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள், இதைக் காற்றே செய்கிறது என்று நம்பினார்கள். போதாத இடங்களில் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து மரம் மரமாக ஊதினார்கள். கேமரூனில் ஆராய்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத், அந்த வேலையைச் செய்வது பூச்சிகளே, அவற்றில் முதன்மையானது எலேடோபியஸ் கேமரூனிகஸ் என்ற கூன்வண்டு என்று காட்டினார். 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் அந்த வண்டு விடப்பட்டது. வண்டு பரவப் பரவ, கையால் ஊதும் வேலை நின்றுபோனது.

வண்டின் நீளம் 3, 4 மில்லிமீட்டர்தான். குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு வேறு. பூத்த ஆண் பாளையிலிருந்து சோம்பு வாசம் வரும். எஸ்ட்ராகோல் என்ற பொருளின் வாசம் அது. வண்டுக்கு அங்கே தீனியும் உண்டு, முட்டையிட இடமும் உண்டு. முட்டை வண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம். அவ்வளவும் வாடும் ஆண் பாளைக்குள்ளேயே நடக்கும். பெண் பாளையும் அதே வாசத்தை விட்டு விட்டு வெளியிடும். ஏமாந்து வரும் வண்டு தீனி கிடைக்காமல் திரும்பும். அதற்குள் உடம்பில் ஒட்டிய மகரந்தம், பெண் பூவில் அதை ஏற்கும் நுனியான சூலகமுடியில் பட்டுவிடும். சூலகமுடி வெளிறியிருக்கும் இரண்டொரு நாளில் இது நடக்க வேண்டும். ஊதாவாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது.

3, 4 வயது இளமரங்கள் பெரும்பாலும் பெண் பாளையே தள்ளும். ஆண் பாளை இல்லாத இடத்தில் வண்டு பெருகாது. அடைமழையில் வண்டுகளின் நடமாட்டம் குறையும். எலிகள் வாடிய ஆண் பாளையைக் குதறிப் புழுக்களைத் தின்னும். காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இந்தக் கூன்வண்டையும் கொல்லும். எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது, வாடிய ஆண் பாளையைக் குப்பையென்று மட்டையோடு வெட்டிப்போடுவது. அடுத்த தலைமுறை வண்டே அதற்குள்தான் வளர்கிறது.

பழுத்த குலை ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்வரிசையில் சிறுத்து வெளிறிய, கொட்டையில்லாப் பழங்கள் மிகுந்திருந்தால் மகரந்தம் போய்ச் சேரவில்லை. குறை நேர்ந்தது ஐந்தாறு மாதங்களுக்கு முன்பு, பாளை பூத்தபோது. அப்போது மழையா, மருந்தடிப்பா என்று பதிவேட்டைப் புரட்டுங்கள்.

இளந்தோட்டத்துக்கு ஒரு வழி உண்டு. முதிர்ந்த மரங்களில் பூத்து ஒரு வாரமான ஆண் பாளைகளை வெட்டி, எலி புகாத, வண்டு மட்டும் வெளியேறக்கூடிய பெட்டியில் வைக்க வேண்டும். வெளியேறும் வழியில் உலர்ந்த மகரந்தம் தூவினால், அதைச் சுமந்தபடியே வண்டுகள் பறக்கும். பெட்டிக்குக் கூரை கட்டாயம். நனைந்த மகரந்தம் கட்டிபிடித்து வீணாகிவிடும்.