பை கிழியவில்லை, டேங்க் நசுங்கியது

ஒரு பால் பதனிடும் நிலையத்தில், 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட எவர்சில்வர் டேங்க் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். முதல் நாள் வரை உருளையாக நின்றிருந்த அது, ஒரு பக்கம் முழுவதும் உள்வாங்கி, ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குழிந்திருந்தது. வெளியிலிருந்து எதுவும் மோதவில்லை. 80 டிகிரி வெந்நீரில் கழுவி முடித்த கையோடு, ஆள் இறங்கும் வாயான மேன்ஹோலின் மூடியைத் திறக்காமலே உள்ளே பச்சைத் தண்ணீரைத் தெளித்திருக்கிறார்கள். ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தேன். டேங்க்குக்குள் காற்று போய்வருவதற்கான வென்ட் குழாயின் வாயில், பூச்சி விழாமலிருக்க யாரோ ஒரு பாலித்தீன் பையைச் சுற்றிச் சணலால் இறுகக் கட்டியிருந்தார்கள். பை கிழியவில்லை, அடியிலிருந்த கம்பிவலையின் கண்கள் மட்டும் அதில் வரிசையாக அச்சுப் பதிந்திருந்தன.

"பையே கிழியல, டேங்க் எப்படி சார் நசுங்கும்?" என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடையைக் கணக்காகவே சொல்கிறேன்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று, கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் ஏறத்தாழ 10 டன் விசையுடன் அழுத்துகிறது. உள்ளேயும் அதே அழுத்தத்தில் காற்று இருப்பதால் டேங்க் அதை உணர்வதில்லை. வெந்நீரில் கழுவும்போது உள்ளிருக்கும் காற்றில் நீராவி நிறைந்துவிடுகிறது. 80 டிகிரியில் உள்ளழுத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஆவியினுடையதுதான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ஆவி நொடிப்பொழுதில் நீராக மாறுகிறது, எஞ்சிய காற்றும் சுருங்குகிறது. வென்ட் அடைபட்டிருந்து, எல்லாம் 30 டிகிரிக்கு இறங்கினால், உள்ளழுத்தம் சுமார் பாதியாகிவிடும். அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, 75 மில்லிமீட்டர் வென்ட் வாயில் இருந்த பை தாங்க வேண்டியது நாலரைக் கிலோதான், அதையும் கம்பிவலை தாங்கிக்கொண்டது. அதே நேரத்தில் டேங்க்கின் சுற்றுச்சுவர்மேல் விழுந்த சுமையோ சுமார் 19 டன்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. உள்ளிருந்து வரும் அழுத்தம் குழாயின் சுவரை இழுக்கிறது. சுவர் சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்த இழுவையே அதை வட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். வெளியிலிருந்து வரும் அழுத்தமோ சிறு கோணலையும் பெரிதாக்குகிறது, பெரிதான கோணல் மேலும் எளிதாக வளைகிறது, ஓர் எல்லையைத் தாண்டியதும் எந்த முன்னறிவிப்பும் இன்றி முழுச் சுவரும் மடிந்துவிடுகிறது. உலோகத்தின் வலிமை தீர்வதற்கு வெகு முன்பே வடிவம் தோற்றுவிடுகிறது. சுவரின் தடிமனைப் பாதியாக்கினால் உள்ளழுத்தம் தாங்கும் திறன் பாதியாகும். ஆனால் நீண்ட குழாயில் வெளியழுத்தம் தாங்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். தகட்டில் காசு மிச்சம் பிடிப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது நினைவில் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஓட்டோ ஃபான் கெரிக்கே என்ற விஞ்ஞானி ஒரு செம்பு உருண்டையிலிருந்து காற்றை இறைத்தபோது, அது திடீரெனப் பெருஞ்சத்தத்துடன் கசங்கிப்போனது. உருண்டை சரியான வட்டமாகச் செய்யப்படாததே காரணம் என்று அவர் கருதினார். 1858இல் பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்ன் கொதிகலனின் உட்குழாய்களைச் சோதித்து, நீளம் இரட்டித்தால் தாங்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது என்று காட்டினார். நீளமான குழாயில் இடையிடையே வளையம் போட்டு இறுக்கும் வழக்கத்தின் அடிப்படை இதுதான். மூங்கிலில் கணு செய்கிற வேலையும் அதுவே: கணுவுக்குக் கணு தண்டு நசுங்காமல் வட்டமாக நிற்கிறது.

தோட்டத்தில் ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீரைத் தள்ளும் பக்கம் சாதாரண ஓஸ் போதும். இழுக்கும் பக்கத்துக்குச் சுருள் பதித்த ஓஸ்தான் வேண்டும், இல்லையென்றால் அது ஒட்டிப்போகும். ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் இதை மறந்துவிடுகிறோம். "6 கிலோ பைப்" என்று அச்சிட்டிருப்பது உள்ளழுத்தத்துக்கான அளவு. கம்ப்ரசர் வைத்துக் கிணற்றைச் சுத்தம் செய்யும்போது உள்ளே நீர்மட்டம் விறுவிறுவென்று இறங்கி, வெளியே மண்ணில் நீர் அப்படியே நின்றால், ஒவ்வொரு 10 மீட்டர் வித்தியாசத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ வீதம் அந்த நீர், கிணற்றுக்குள் இறக்கிய கேசிங் குழாயை வெளியிலிருந்து அழுத்தும். வெயிலில் அடுக்கிவைத்து முட்டை வடிவமாகிப்போன பிவிசி குழாய் இதற்கு முதலில் பலியாகும். கேசிங்குக்கென்றே செய்த தடித்த குழாயைக் கேட்டு வாங்குங்கள். இறக்குவதற்கு முன் இரண்டு திசையிலும் அளவுநாடா வைத்து விட்டத்தை அளந்து பாருங்கள்.

டேங்க் வைத்திருப்பவர்கள் வென்ட்டின்மேல் துணி, பை, டேப் எதையும் கட்டக் கூடாது. பூச்சி வராமலிருக்கக் கம்பிவலையே போதும், அதையும் வாரந்தோறும் கழுவ வேண்டும். வலையில் பால் கொழுப்பு படிவதையும் வென்ட் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். வெந்நீருக்குப் பின் மேன்ஹோலைத் திறந்து, வெதுவெதுப்பான நீரிலிருந்து படிப்படியாகக் குளிர்நீருக்கு வாருங்கள். பம்ப் வைத்து மணிக்கு 20,000 லிட்டர் வெளியே இறைத்தால், அதே அளவு காற்று உள்ளே நுழைந்தாக வேண்டும். பம்ப்பைப் பெரிதாக்கும்போது வென்ட்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அந்த நிலையத்தில், கம்ப்ரசரை மாட்டி உள்ளே காற்றடித்துக் குழியை வெளியே தள்ளிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். மடிந்த இடத்து வெல்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அடைபட்ட காற்றின் வேகத்தில் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிர் பிழைக்க மாட்டார். அன்று மாலையே அந்த டேங்க்கின் இணைப்புகளைக் கழற்றி, நுழைவாயில்களுக்குச் சிவப்பு அட்டை கட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.