வானம் மாறும் வேளையில் படமெடுக்கச் செல்பவர்கள் கவனத்துக்கு

தெளிந்த வானமும் உச்சி வெயிலும் உள்ள நாளில் எடுக்கப்படும் கிராமத்துச் சாலைகளும் சிறுநகரக் கடைவீதிகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதே சாலை, மழைக்கு முன் கறுத்து நிற்கும் மேகத்தின் கீழ் ஒருபக்கமாக வெயில் விழும்போதும், விடியலில் மூடுபனி விலகத் தொடங்கும்போதும், பனிப்பொழிவு ஓய்ந்த சற்று நேரத்திலும் வேறோர் ஊராகத் தெரியும். வானிலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த இடைவேளையில்தான் நல்ல படங்கள் அமைகின்றன. ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேமரா கெடுவதும் ஆளுக்கு ஆபத்து நேர்வதும் பெரும்பாலும் அதே இடைவேளையில்தான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். முதலில் சொன்னதைக் குறித்துக்கொள்கிறவர்களில் பாதிப்பேர்கூட இரண்டாவதைக் குறித்துக்கொள்வதில்லை என்பதால் இந்தக் கட்டுரை.

இடிமழை நெருங்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். சூரியன் தாழ்ந்திருந்து, எதிர்த்திசையில் மேகம் திரண்டிருந்தால், இடையில் உள்ள ஓட்டு வீடுகளும் தண்ணீர்த் தொட்டியும் வயலும் மேடையில் விளக்கு போட்டதுபோல எடுப்பாகத் தெரியும். படச்சட்டத்தை நிறைத்திருக்கும் கறுப்பு மேகத்தைக் கண்டு, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் ஒளிமானி இடமே இருட்டு என்று கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெயில் பட்ட சுவர்கள் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதியளவு வரை குறைத்து, படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தின் வலது ஓரத்தைக் கவனித்துக்கொண்டால் போதும். இந்தக் கணக்கை எல்லோரும் விரைவில் பழகிக்கொள்கிறார்கள். இடியின் கணக்கைத்தான் பழகிக்கொள்வதில்லை.

மின்னலைக் கண்ட பிறகு இடி கேட்கும்வரை ஆகும் ஒவ்வொரு 3 வினாடியும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும். பலர் இதை எண்ணிப் பார்த்து, பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது என்று நிம்மதியடைகிறார்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால், தலைக்குமேல் வெளுத்த வானம் உள்ள இடத்திலும் மின்னல் விழக்கூடும். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டக்கூடிய தொலைவுக்குள் நாம் இருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும். வெட்டவெளி வயலில் முக்காலியை விரித்து நிற்பவரே அந்தப் பரப்பின் உயரமான பொருளாக இருப்பார். கார்பன் ஃபைபர் முக்காலி மின்சாரத்தைக் கடத்தாது என்று நினைப்பவர்கள் உண்டு, அது கடத்தும். தனி மரத்தடியும், சுவரில்லாத கொட்டகையும் ஒதுங்குவதற்கு உரிய இடங்கள் அல்ல. நான்கு பக்கமும் மூடிய கட்டடத்துக்குள்ளோ, இரும்புக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விட்டு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். மின்னலையே படமெடுக்க விரும்புகிறவர்கள், அந்தி மங்கிய பின் அறைக்குள் சாளரத்தருகே கேமராவைப் பொருத்தி, பத்துப் பதினைந்து வினாடி ஷட்டரைத் திறந்துவைத்துத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால், அவற்றுள் ஒன்றிரண்டில் மின்னல் தானாக வந்து விழும்.

அந்த அரைமணி நேரக் காத்திருப்பில் வானவில் போய்விடுமே என்பது பலரும் கேட்கும் கேள்வி. சில நேரம் போய்விடும்தான். வானவில் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே அறிந்தால், ஒதுங்கும் இடத்தையே அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். முதுகுக்கு நேர்பின்னே சூரியன் இருக்க, நம் தலையின் நிழல் விழும் புள்ளியை மையமாகக் கொண்டு 42 பாகைக் கோணத்தில் அது வளையும். ஆகவே சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிய நடுப்பகலில் சமதரையில் நின்று அதைத் தேடுவது வீண். சூரியன் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு உயரமாக வில் எழும். இருமுனைகளும் அடங்க வேண்டுமானால் முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 20 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகன்ற லென்ஸ் தேவைப்படும். போலரைசர் என்ற, எதிரொளியைக் குறைக்கும் சுழல் ஃபில்டரை லென்ஸில் மாட்டியிருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் வில்லின் நிறம் கூடும், இன்னொரு நிலையில் வில்லே மறைந்துபோகும்.

மழைத்துளிகளைப் படத்தில் காட்டுவதற்குப் பின்னணி இருண்டிருக்க வேண்டும், ஒளி துளிகளின் பின்புறமிருந்து வர வேண்டும். வெளுத்த வானத்தின் முன் எவ்வளவு பெரிய மழையும் தெரியாது. மாலையில் விளக்கேற்றிய கடையின் எதிரே, நிழலான சுவரைப் பின்னணியாக வைத்து, ஷட்டர் 1/60 முதல் 1/125 வினாடி வரை திறந்திருக்குமாறு எடுத்தால் துளிகள் கோடுகளாக இறங்கும். 1/500 வினாடியைவிட வேகமாகப் போனால் முத்துகளாக உறைந்து நிற்கும். கோடுகளே மழையை உணர்த்துகின்றன என்பது என் கட்சி. மழை தாங்கும் கேமரா என்று விற்கப்படுவதை நனையவே நனையாத கேமரா என்று நம்பிவிட வேண்டாம். உடலும் லென்ஸும் இரண்டும் காப்புள்ளவையாக இருந்தால்தான் அந்தக் காப்பு வேலை செய்யும். சில லென்ஸ்களில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அது முழுமை பெறும். நீளும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. தண்ணீரால் ஏற்படும் பழுதை உத்தரவாதத்தில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையும் ஒரு துண்டும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

கேமரா நனைந்தே விட்டால் உடனே அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். வேலை செய்கிறதா என்று இடையிடையே பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆவலே பல கேமராக்களுக்கு எமனாகிறது. ஈரத்தில் மின்சாரம் ஓடுவதுதான் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைக் கெடுக்கிறது. அரிசி டப்பாவுக்குள் புதைப்பதால் தூசும் மாவும் உள்ளே போவதைத் தவிர்த்து வேறொன்றும் நடக்காது.

மழையைவிட மோசமான எதிரி கண்ணுக்குத் தெரியாத ஈரம். குளிரூட்டப்பட்ட அறையில் இரவெல்லாம் கிடந்த கேமராவை விடியலில் வெளியே எடுத்தவுடன் லென்ஸ் முழுக்க ஆவி படிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதில் நீராகப் படிந்துவிடும். நம் கேமராவோ 22 டிகிரியில் இருக்கிறது. முன்கண்ணாடியில் படிவதைத் துடைத்துவிடலாம். ஆனால் அதே நேரத்தில் அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் படத்தைப் பதியும் சென்சார் மீதும், லென்ஸின் பின்புறத்திலும், எட்ட முடியாத உட்கண்ணாடிகளிலும் படியும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு, ஜிப்பைத் திறக்காமல், குளிரூட்டாத இடத்தில் வைத்துவிடுவது எளிய வழி. பனிவெளியில் படமெடுத்துவிட்டுக் கதகதப்பான வீட்டுக்குள் நுழைபவர்களுக்கும் சிக்கல் இதுவே, தீர்வு மட்டும் சற்று வேறு. வாசலிலேயே, இன்னும் குளிரில் நிற்கும்போதே, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடிவிட வேண்டும். அப்போது நீர் உறையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா உலர்ந்தபடியே மெல்லச் சூடேறும். படங்களைப் பார்க்கும் ஆசையில் உறையைத் திறந்துவிடாதிருக்க, மூடுவதற்கு முன்பே மெமரி கார்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படி உள்ளே போன ஈரம் உடனே எதுவும் செய்வதில்லை, சில வாரங்கள் கழித்துப் பூஞ்சையாகத் தலைகாட்டும். அதன் வித்துகள் எங்கும் காற்றில் உள்ளவை. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்து, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அவை முளைத்துவிடும். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை) முழுதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், தொடக்கநிலையில் நரைத்த மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து கிளைபிரிந்து நடுவை நோக்கி வருவது தெரியும். அந்த நிலையில் பிரித்துத் துடைத்துவிட முடியும். விட்டுவைத்தால், பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் இழைகளின் தடம் போகாது. எனவே மழைக்காலம் முழுவதும் உபகரணங்களைத் தோல்பையிலோ துணிப்பையிலோ பூட்டிவைக்காமல், மூடி இறுகும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானியையும் போட்டு, அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறிய ஜெல்லை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் வைக்காமலே இருப்பதும் ஒன்றுதான்.

மூடுபனியும் வெண்பனியும் ஒளிமானியை, கறுப்பு மேகத்துக்கு முன்சொன்னதற்கு நேரெதிராக ஏமாற்றும். எங்கும் வெண்மையைக் கண்டால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். மூடுபனிக்கு ஒரு ஸ்டாப், வெயில்பட்ட வெண்பனிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டியிருக்கும். ஒளியின் நிறச்சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் தானியங்கி வெள்ளைச்சமநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை: விடியலின் நீலத்தையும் மாலையின் பொன்னிறத்தையும் குறையாகக் கருதி அது சரிசெய்துவிடுவதால், பருவங்களை வரிசையாகப் பதிவுசெய்பவர்கள் அதைப் பகலொளி அளவில் நிலைநிறுத்திக்கொள்வது நல்லது. குளிரில் லித்தியம் பேட்டரியின் ஆற்றல் சட்டென்று குறையும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்திருக்க வேண்டும். தீர்ந்துபோனதாகக் காட்டியதும் சூடேறினால் சற்று உயிர்பெறும்.

குளிரைப் பொறுத்தவரை உபகரணத்துக்குக் காட்டும் அக்கறையை நம் உடலுக்குக் காட்டுகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் உழவராக வாழ்ந்த வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தவர். அதன்பின் சொந்த ஊரின் குளிர்காலங்களிலேயே 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் பதிவுசெய்தார். படிகம் உருகாதிருக்க வேண்டும் என்பதற்காகச் சூடேற்றாத கொட்டகையில், மூச்சுக்காற்றுகூடப் படாதவாறு வேலை செய்தவர் அவர். 1931 டிசம்பரில் பனிப்புயலினூடே நடந்து வீடு திரும்பிய பின் நிமோனியா கண்டு இறந்தார். பனியை அவரளவு அறிந்தவர்கள் குறைவு என்பதையும் சேர்த்தே இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூடிய காருக்குள் கேமராவையும் பேட்டரியையும் விட்டுச்செல்லக் கூடாது; வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே ஒரு மணி நேரத்துக்குள் 50ஐத் தாண்டும். நடுப்பகலில் வயல்வெளிக்கு அப்பால் உள்ள ஊரை நீண்ட டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்தால், கானல் காற்றின் நடுக்கம் படத்தைக் குழப்பிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸுக்கும் இதற்கு மாற்று இல்லை, விடியலில் திரும்பி வருவதே வழி. அத்தகைய லென்ஸைச் சூரியனை நோக்கித் திருப்பி ஒளியியல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

வெள்ளம் சூழ்ந்த ஊரைப் பதிவுசெய்யப் போகிறவர்கள், கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று ஓடும் நீரில் இறங்குவதைப் பார்க்கிறேன். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்கவைக்கும். கண் வியூஃபைண்டரில் இருப்பவருக்குக் காலடியும் தெரியாது, நீர்மட்டம் ஏறுவதும் தெரியாது. உடைமையை இழந்து நிற்கும் மனிதரின் முகத்தை அவர் கேட்காமலே எடுத்து அன்றைக்கே இணையத்தில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. சட்டம் அனுமதிக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

வயலும் தோப்பும் பொதுஇடம் போலத் தோன்றினாலும் அவை ஒருவருடைய பணியிடம். காலை ஒளியில் பழத்தோட்டத்தின் நடுவே மிதந்துவரும் அழகான புகைமூட்டம் மூடுபனியாக இல்லாமல் பூச்சிமருந்துத் தெளிப்பாக இருக்கலாம். டிராக்டர் ஓசை கேட்கிறதா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டே அருகில் போக வேண்டும். முளைவிட்ட பயிரும் அறுவடைக்கு நிற்கும் கதிரும் ஓரிரு காலடியில் சேதமாகும். ஒரு பண்ணையின் சேறு அப்பிய காலணியோடு அடுத்த பண்ணைக்குள் நுழைந்தால் மண்வழி பரவும் பயிர்நோயையும் சுமந்து செல்கிறோம் என்பதால், இடையில் கழுவிக்கொள்வதே முறை. திறந்திருந்த படலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுவர வேண்டும்.

ஒரே இடத்தை எல்லாப் பருவங்களிலும் எடுக்க நினைப்பவர்களுக்கு இவை அனைத்தும் இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் அந்த ஊருக்கு அவர்கள் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும். 1977 முதல் 1979 வரை அமெரிக்க ஒளிப்படக்காரர் மார்க் க்ளெட்டும் குழுவினரும், அமெரிக்க மேற்குப் பகுதியின் 19ஆம் நூற்றாண்டு அளவாய்வுப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட அதே நிலைகளைத் தேடிப்பிடித்து மறுபடி எடுத்தார்கள். முன்னும் பின்னும் உள்ள பாறைகளின் ஒப்புநிலையைக் கொண்டு நின்ற இடத்தையும், நிழல்களைக் கொண்டு நாளையும் பொழுதையும் அவர்கள் கணித்தார்கள். நமக்கு அவ்வளவு துப்பறியும் வேலை தேவைப்படாது. முக்காலியின் கால்கள் நின்ற இடம், தரையிலிருந்து லென்ஸின் உயரம், குவியத்தூரம், நேரம் ஆகியவற்றைக் குறித்து, முதல் படத்தின் அச்சுப்பிரதியையும் உடன் கொண்டுபோனால் போதும். ஜி.பி.எஸ். குறிப்பும் நமக்குப் பயன்படும். ஆனால் அது கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. தனித்து நிற்கும் வீடு, குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் பண்ணைவீடு, பறவை அடைகாக்கும் கூடு ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடத்தை முன்பின் தெரியாதவர்களுக்கும் அது காட்டிக்கொடுக்கும். மூலக்கோப்பில் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, வெளியிடும் பிரதியிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். படத்தை ஏற்றுமதி செய்யும் பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.