ஒரே கொடிக்கு இரண்டு பெயர்

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. பழைய ஆங்கிலேய முறையில் வீட்டிலேயே ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்ச விரும்புகிறவர் முதலில் தேடுவது ஃபக்கிள் என்னும் ஹாப்ஸை. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவருக்குக் கடைக்காரர் பல சமயம் கையை விரித்துவிடுவார். ஆனால் அதே கடையில், இரண்டு தட்டு தள்ளி, ஸ்லோவேனியாவிலிருந்து வந்த ஸ்டைரியன் கோல்டிங் பொட்டலம் இருக்கக்கூடும். மரபணுச் சோதனையில் இரண்டும் ஒரே செடி என்று தெரியவந்திருக்கிறது. ஆந்திரத்துப் பங்கனப்பள்ளி மாம்பழத்தைச் சிலர் பேனிஷான் என்று அழைப்பதைப் போன்றதுதான் இதுவும். ஸ்லோவேனியாவின் சவிஞ்சா பள்ளத்தாக்கில் அந்தக் கொடியை நட்ட விவசாயிகள் அதைக் கோல்டிங் என்ற இன்னொரு ஆங்கில வகை என்று நம்பியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது எப்படிச் சாத்தியம் என்பதைப் புரிந்துகொண்டால், கிடைக்காத பிரிட்டிஷ் ஹாப்ஸைத் தேடும் வழியும் பிடிபட்டுவிடும்.

ஹாப்ஸ், கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பீருக்குப் பயன்படுவது பெண் கொடியின் பூங்கொத்து மட்டுமே. மெல்லிய பச்சை இதழ்கள் அடுக்கிய சிறு கூம்பு அது. விதை போட்டு முளைக்க வைத்தால் தாயைப் போல் பிள்ளை வராது. ஆகவே விவசாயிகள் விதையை நாடுவதில்லை. வாழைக்குப் பக்கக்கன்று போல, வேர்த்தண்டை வெட்டி நடுகிறார்கள். இன்று இங்கிலாந்தின் வூஸ்டர்ஷரில் நிற்கும் ஃபக்கிளும் ஸ்லோவேனியாவில் நிற்கும் ஃபக்கிளும், 19ஆம் நூற்றாண்டில் கெண்ட் மாவட்டத்துப் பிரெஞ்ச்லி கிராமத்து ரிச்சர்ட் ஃபக்கிளின் பெயரால் பரவிய ஒரே கொடியின் துண்டுகள்தான்.

கூம்பைப் பிய்த்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். லுபுலின் எனப்படும் அந்தப் பிசின்தான் ஹாப்ஸின் உயிர். அதில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. ஒன்று ஆல்ஃபா அமிலம். இது தண்ணீரில் எளிதில் கரையாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், அதன் மூலக்கூறில் ஆறு கரியணுக்கள் கொண்ட வளையம் ஐந்தாகச் சுருங்கி, கரையக்கூடிய கசப்புப் பொருளாக மாறுகிறது. வீட்டு அடுப்பில் இப்படி மாறிப் பீருக்குள் வந்து சேருவது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. இன்னொன்று நறுமண எண்ணெய். அது நெடுநேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். ரசத்தை இறக்கும் நேரத்தில் கொத்தமல்லித் தழை தூவுகிறோம் அல்லவா? அதே காரணத்துக்காகத்தான் மணத்துக்கான ஹாப்ஸைக் கடைசி நிமிடங்களில் போடுகிறார்கள்.

அந்தக் கசப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. பீரைக் கெடுத்துப் புளிப்பாக்கும் பல பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்வை அது குலைத்துவிடும். லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரில் ஹாப்ஸைத் தாராளமாகச் சேர்த்ததற்கு இதுவே காரணம். 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அந்தப் பயணத்தின் மிச்சம்.

அப்படியானால் இந்தப் பிரிட்டிஷ் ஹாப்ஸ் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது? 1878இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 72,000 ஏக்கரில் ஹாப்ஸ் பயிராயிற்று. இன்று அங்கே ஆயிரம் ஹெக்டேர்கூட (சுமார் 2,500 ஏக்கர்) மிஞ்சவில்லை. மக்களின் ருசி லாகர் என்ற இன்னொரு பீர் வகையின் பக்கம் சாய்ந்ததும், வெளிநாட்டு ஹாப்ஸ் மலிவாக வந்ததும் பாதிக் கதை. மீதிக் கதை மண்ணுக்கு அடியில் நடந்தது. 1924இல் கெண்டின் பென்ஸ்ஹர்ஸ்ட்டில் வெர்ட்டிசில்லியம் வாடல் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்தப் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துக் கொடியை நின்ற நிலையிலேயே காயவைத்துவிடும். மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஒரு காலத்தில் இங்கிலாந்து விளைச்சலில் சுமார் முக்கால் பங்கு ஃபக்கிள்தான். ஒரே தாயின் துண்டுகள் ஆகையால், ஒன்றை வீழ்த்திய நோய் எல்லாவற்றையும் வீழ்த்தியது. துண்டு நட்டு வளர்க்கும் முறை எவ்வளவு பெரிய வரமோ அவ்வளவு பெரிய ஆபத்தும்கூட. கெண்டிலும் சசெக்ஸிலும் தோட்டங்கள் அழிய, ஃபக்கிள் பெரும்பாலும் மேற்கே, ஹெர்ஃபர்ட்ஷர், வூஸ்டர்ஷர் பக்கம் ஒதுங்கியது.

மாற்று தேடியவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. கெண்டின் வை கல்லூரியில் எர்னஸ்ட் ஸ்டான்லி சால்மன் 1906இல் ஹாப்ஸ் கலப்பினப் பணியைத் தொடங்கினார். கனடாவின் மனிட்டோபாவில் காட்டுக்கொடியாக வளர்ந்த ஹாப்ஸின் துண்டு 1916இல் அவரிடம் வந்து சேர்ந்தது. அதன் வாரிசாகப் பிறந்த பிரூவர்ஸ் கோல்டு, அதுவரை ஆங்கிலக் கொடிகளில் காணாத கசப்பு வீரியத்தைக் கொண்டிருந்தது. உலகின் கசப்பு மிகுந்த ஹாப்ஸ் வகைகள் பலவற்றின் வம்சத்தில் இன்று அந்த மனிட்டோபாக் கொடியின் இரத்தம் ஓடுகிறது. வாடல் நோயைத் தாங்கும் டார்கெட் என்னும் வகை 1972இல் வெளிவந்ததும் அதே கல்லூரியிலிருந்துதான்.

ஆகவே பிரிட்டிஷ் ஹாப்ஸைத் தேடுகிறவர் பெயரை மட்டும் பார்த்தால் போதாது; வம்சத்தையும் பார்க்க வேண்டும். ஃபக்கிள் கிடைக்கவில்லையா? சவிஞ்ஸ்கி கோல்டிங் என்றோ ஸ்டைரியன் கோல்டிங் என்றோ அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள். ஆனால் அதோடு செலியா, போபெக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை வேறு கலப்பினங்கள்; ஏமாந்துவிடக் கூடாது. அடுத்தது அமெரிக்காவின் வில்லமெட் என்னும் வகை. 1976இல் வெளியான அது ஃபக்கிளின் மகள்.

ஒரே கொடி என்றாலும் ருசி அச்சு அசலாக இருந்துவிடாது. மண்ணும் வெயிலும் மாறுகின்றன. இங்கிலாந்துத் தோட்டங்களில் ஆண் கொடிகளையும் இடையிடையே விட்டுவைப்பது பழைய வழக்கம். அதனால் அங்கே கூம்புகளில் விதை இருக்கும். ஐரோப்பாவின் பெருநிலத்தில் ஆண் கொடியைக் கண்டால் பிடுங்கிவிடுவார்கள்.

கோல்டிங்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அது ஒரே கொடி அன்று. நெருங்கிய உறவுள்ள கொடிகளின் கூட்டம். கிழக்குக் கெண்டில் விளைந்ததற்கு மட்டுமே 'ஈஸ்ட் கெண்ட் கோல்டிங்ஸ்' என்ற பெயர் செல்லும். 2013இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்க் காப்பு கிடைத்தது. அமெரிக்காவில் விளையும் கோல்டிங்கைத் தயங்காமல் வாங்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் பிராம்லிங் கிராஸ் என்னும் ஆங்கில வகைக்கு மாற்றுத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோல்டிங்கும் மனிட்டோபாக் கொடியும் கலந்து பிறந்த அதன் பிளாக்கரன்ட் பழ மணம் வேறெதிலும் அப்படியே வராது. அடுத்த அறுவடை வரை காத்திருப்பதே மேல்.

மாற்று ஹாப்ஸை எடைக்கு எடை போடக் கூடாது. பொட்டலத்தில் ஆல்ஃபா அமில விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். செய்முறை 4.5 சதவீதம் உள்ள ஃபக்கிளை 40 கிராம் கேட்கிறது என்றால், அதில் இருப்பது 1.8 கிராம் ஆல்ஃபா அமிலம். கையில் இருக்கும் வில்லமெட் 5.5 சதவீதம் என்றால் சுமார் 33 கிராமே போதும். இந்தக் கணக்கு கசப்புக்கு மட்டும்தான். கடைசியில் மணத்துக்காகப் போடுவதை மூக்கை நம்பியே அளக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், பொட்டலத்தில் அறுவடை ஆண்டைப் பார்க்காமல் வாங்கினால் பணம் பாழ். காற்றுப் பட்டால் ஆல்ஃபா அமிலம் சிதைகிறது. முற்றிப்போனால் பழைய பாலாடைக்கட்டியின் நாற்றம் வரும். அறை வெப்பத்தில் வைத்த டார்கெட் ஆறு மாதத்தில் பாதி வீரியத்தை இழந்துவிடும். நார்தர்ன் பிரூவர் என்னும் வகை அவ்வளவு சீக்கிரம் தளராது. காற்று நீக்கி ஒட்டிய பொட்டலமா என்று பாருங்கள். செப்டம்பரில் பறித்து, உலர்த்தி, குளிர்காலத் தொடக்கத்தில் கடைக்கு வரும் புது ஹாப்ஸை ஆண்டுத் தேவைக்கு மொத்தமாக வாங்கி, நூறு நூறு கிராமாகப் பிரித்து, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். மே மாதத்தில் பிரித்தாலும் மூடியைத் திறந்தவுடன் பசும் மணம் எழும்.