நகர்க்காடு: ‘அர்பன் ஃபாரஸ்ட்’டுக்கு நம் சொல்

மும்பை நகருக்குள் மரங்கள் அடர்ந்த ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டக்கூடாது என்று மக்கள் போட்ட வழக்குகளை 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று இரவே ரம்பங்கள் உள்ளே போயின. தடுக்க ஓடிய 29 பேர் கைதானார்கள். 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் 2,141 மரங்கள் சாய்ந்துவிட்டன. இத்தனைக்கும் அடியில் கிடந்தது ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு: ஆரே காடா, இல்லையா?

நகருக்குள் இருக்கும் காட்டை ஆங்கிலத்தில் ‘அர்பன் ஃபாரஸ்ட்’ என்கிறார்கள். ‘அர்பன்’, நகரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘ஃபாரஸ்ட்’டின் கதைதான் சுவையானது. ‘வெளியே’ என்று பொருள்படும் ‘ஃபோரிஸ்’ அதன் வேர் என்பார்கள். மன்னர் வேட்டையாட, ஊரார் புழங்கக்கூடாது என்று ஒதுக்கிவைத்த நிலம் அது. மரமில்லாத புல்வெளிகூட அப்படி ஃபாரஸ்ட் ஆனதுண்டு. பிறப்பிலேயே அது சட்டச்சொல்.

நம் ‘காடு’ மண்ணில் முளைத்த சொல். கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் கிளம்புகிறவர் “காட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்பார். எந்த அரசாணையையும் பார்த்து அவர் அப்படிச் சொல்வதில்லை. அரசு ஒதுக்கியதைச் சொல்ல ‘காப்புக்காடு’ என்று தனிச்சொல் இருக்கிறது.

நீதிமன்றமும் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது. நீலகிரி கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், காடு என்றால் அகராதி சொல்லும் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். அது 1996 டிசம்பர் 12. ஹைதராபாத் கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தின் மரங்களைக் காக்க மாணவர்கள் போராடியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்ற உத்தரவால் அங்கும் வெட்டு நின்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நகர்வனம்’ அரசுத் திட்டத்தின் பெயராகிவிட்டது. நட்டு வளர்த்த தோப்புக்கு ‘இளமரக்கா’ என்ற அழகான பழஞ்சொல் உண்டு. சிறு இடத்தில் மரக்கன்றுகளை நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் வளர்ப்பது குறுங்காடு. இவற்றையெல்லாம் ஆரேயோடு சேர்த்துப் பேசினால், வெட்டியதற்கு ஈடாக நட்டோம் என்று சொல்ல வழி பிறந்துவிடும்.

ஊரை ஒட்டிய காட்டுக்குச் சங்கத்தமிழ் வைத்த பெயர் ‘மிளை’, அதாவது காவற்காடு. கானப்பேரெயில் கோட்டையின் மிளையை, ‘கதிர் நுழைகல்லா மரம்பயில் கடிமிளை’ என்கிறது புறநானூறு. வெயில் நுழைய முடியாத அளவு மரம் செறிந்த, காவலுள்ள காடு! ஆனால் மிளை நகரைச் சுற்றி நின்றது. ஆரேயையோ நகரம் சுற்றி வளைத்திருக்கிறது. அதனால் ‘நகர்க்காடு’ என்றே எழுதுகிறேன். அதைக் காக்க நிற்பவர்களை ‘மிளைகாவலர்’ என்று அழைக்க எனக்கு ஆசை.