உட்கார நாற்காலி: அந்த 'ஆன்' எங்கே போனது?

பெங்களூரு அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னாலேயே நோட்டுப் புத்தகம் வந்துவிடும். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை அவள் நீட்டிய பக்கத்தில் "தேர் இஸ் நோ சேர் டு சிட்" என்ற வரியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"உட்கார நாற்காலி இல்லை. இதுல என்ன மாமா தப்பு?"

தமிழில் ஒரு தப்பும் இல்லை. சிக்கலே அதுதான். நாம் ஒரு பெயருக்கு முன்னால் வினையை வைக்கும்போது வேற்றுமை உருபை உதறிவிடுகிறோம். 'எழுதிய' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதிய பேனா, எழுதிய கடிதம், எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய பெண். பேனாவால் எழுதினோம், கடிதத்தை எழுதினோம், அறையில் எழுதினோம். ஆனால் 'ஆல்', 'ஐ', 'இல்' எதுவும் வெளியே தெரியவில்லை, கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். பெயரெச்சம் இப்படி நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறு வகைப் பெயர்களோடும் பொருந்தும் என்று தொல்காப்பியமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. 'உட்கார நாற்காலி' பெயரெச்சம் இல்லைதான், ஆனாலும் பழக்கம் அதே பழக்கம். அவள் வகுப்பில் கன்னடப் பிள்ளைகளும் இதே வட்டத்தை வாங்கியிருந்தால் எனக்கு வியப்பில்லை.

ஆங்கிலம் ஊகத்துக்கு விடாது. 'சிட்' என்ற வினை நாற்காலியை நேராகத் தொடாது, 'ஆன்' வழியாகத்தான் தொடும். நாற்காலியை முன்னால் தூக்கி வைத்துவிட்டால் 'ஆன்'னுக்குப் பின்னால் அதன் இடம் காலியாகக் கிடக்கும். 'ஆன்' மட்டும் நகராமல் நிற்கும். அதனால் "எ சேர் டு சிட் ஆன்". அதே கணக்கில், பேனா என்றால் "டு ரைட் வித்", தாள் என்றால் "டு ரைட் ஆன்", கடிதம் போட ஒரு நண்பர் என்றால் "டு ரைட் டு". 'ரீட்' புத்தகத்தை நேராகவே தொடும் வினை. எனவே "எ புக் டு ரீட்" என்பதில் வால் தேவையில்லை.

சரி, இதையே கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டு எழுத வேண்டுமா? 'ஆன்' முன்னால் வரும், கூடவே 'விச்' வரும்: "எ சேர் ஆன் விச் டு சிட்". ஆளாக இருந்தால் "எ ஃப்ரெண்ட் வித் ஹூம் டு டாக்". இங்கே 'ஹூ' செல்லாது. இப்படி 'விச்', 'ஹூம்' போன்ற சொல் நகரும்போது 'ஆன்', 'வித்' மாதிரியான முன்னிடைச்சொல்லையும் இழுத்துக்கொண்டு போவதற்கு, பழங்கதையில் குழலூதி எலிகளைக் கூட்டிப்போன ஹாம்லின்காரனை நினைத்து ஒரு பெயர் உண்டு: 'பைட் பைப்பிங்'. மொழியியலாளர் ஜான் ராஸ் 1967-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கொடுத்த ஆய்வேட்டில் வந்த பெயர் அது.

வேடிக்கை இனிமேல்தான். "எ சேர் விச் ஐ சிட் ஆன்" சரி. "எ சேர் விச் டு சிட் ஆன்" தப்பு! ஐ.டி. மின்னஞ்சல்களில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பும் இதுதான். காலம் காட்டும் வினை இருந்தால் 'விச்' தனியாக வரலாம். 'டு' போட்ட வினைக்கு முன்னால் துணையில்லாமல் வரக்கூடாது. ஏன்? மொழியியலாளர்கள் நோம் சாம்ஸ்கியும் ஹாவர்ட் லாஸ்னிக்கும் 1977-ல் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. இந்த இடத்தில் 'விச்' அழிந்தே ஆக வேண்டும். அழிந்தாலும் அது எதைக் குறித்தது என்பது முன்னால் நிற்கும் பெயரிலிருந்தே தெரிந்துவிடும். 'ஆன் விச்' என்று சேர்ந்து வந்தால் அப்படி அழிக்க முடியாது. அழித்தால் 'ஆன்' என்ற தகவலும் போய்விடும், அதை எங்கிருந்தும் மீட்க முடியாது. முன்னிடைச்சொல்தான் 'விச்'சுக்குக் காவல்.

"ஐ டோன்ட் நோ விச் டு பை" என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த 'விச்' கேள்விச்சொல், எது வாங்குவது என்ற 'எது'. அதன் சட்டம் வேறு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பென்சிலைக் கடித்தாள். "அப்போ 'எ பிளேஸ் டு ஸ்டே'ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல 'இன்' எங்க மாமா?"

பிளேஸ், டைம், வே மாதிரி சில பெயர்களுக்கு மட்டும் ஆங்கிலமும் நம்மைப் போலவே ஊகத்துக்கு விட்டுவிடுகிறது என்றேன். 'சேர்' அந்தப் பட்டியலில் இல்லை. "இது அநியாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு வட்டத்துக்குள் 'ஆன்' எழுதினாள்.